மூக்கால் பார்த்த ருசி

எனக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். காய்கறிக்காரர், ஆட்டோக்காரர், பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்திருக்கிற அம்மா, யாராக இருந்தாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அப்படிப்பட்ட எனக்கு, ‘முடியாது சார்’ என்கிற இரண்டு வார்த்தை போன கார்த்திகை மாசம் தொண்டையில் சிக்கிக்கொண்டு படுத்திய பாடு இருக்கிறதே! இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அதனால்தான் சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது.

என் பெயர் ஹஃப்சா. சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் கேக்கும் இனிப்பும் செய்கிற பிரிவில் வேலை. அந்தப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் தோஹாவில் நல்ல சம்பளம் என்று கிளம்பிப் போய்விட்டார். அவர் போனதிலிருந்து அந்த அடுப்படியை நான்தான் நடத்துகிறேன். ஆனால் பதவி மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் எங்கள் பெரிய செஃப் கண்ணுசாமி சார், “பார்க்கலாம்மா” என்பார். ஆத்தூர்க்காரர். நல்ல மனுஷன்தான். ஆனால் பேசுவது என்றால் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்துத்தான் பேசுவார்.

ஒரு நாள் காலையில் நான் மாவு சலித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

“ஹஃப்சா, நாமக்கல்லேர்ந்து ஒரு பெரிய பார்ட்டி. அமுதவல்லி அம்மா. கோழிப் பண்ணை வச்சிருக்காங்க. இதுவரைக்கும் உள்ளூர்லயே முட்டை வித்தவங்க, இப்ப மொதத் தடவையா ஏத்துமதி பண்ணப் போறாங்க. வாங்கறதுக்கு வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. நம்ம ஹோட்டல்லதான் விருந்து.”

“நல்லது சார். என்ன இனிப்பு செய்யணும்?”

“அங்கதான் விஷயமே இருக்கு. மூணு சாக்லேட் இனிப்பு. நல்லா கனமா, பணக்காரத்தனமா இருக்கணும். எல்லாமே அந்த அம்மா பண்ணை முட்டையில செய்யணும். ஒவ்வொரு இனிப்புக்கும் பொருத்தமா ஒரு வைன். சேலத்துல இதுவரைக்கும் யாரும் பண்ணாதது. எந்த இனிப்புக்கு எந்த வைன்னு நீதான் பார்த்துச் சொல்ற. இது மட்டும் நல்லா வந்துச்சு, பிரிவு உன் கையில.”

“சார், வைன்...” என்று இழுத்தேன்.

“குடிக்கச் சொல்லலம்மா. வாயில வச்சு, ருசி பார்த்து, துப்பிடு. வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்கல்லாம் அப்படித்தான் பண்றாங்க. தொண்டைக்கு உள்ள எறங்கினாத்தானே பாவம்?”

என் பாவ புண்ணியத்துக்கு எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று கண்ணுசாமி சார் முடிவு செய்துவிட்டார். தொண்டைக்கு மேலே சரி, கீழே தப்பு. எனக்குச் சுர்ரென்று வந்தது. வழக்கமான ஹஃப்சாவாக இருந்திருந்தால் சலித்த மாவு அவர் தொப்பியில் இருந்திருக்கும். ஆனால் என் வாயிலிருந்து வந்ததோ, “பார்க்கிறேன் சார்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பதவி ஆசைதான், வேறென்ன. ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு இந்த ஹோட்டலுக்குள் நுழைந்த முதல் பெண் நான். “இதெல்லாம் எத்தனை நாளைக்கு?” என்று சிரித்தவர்கள் இன்னும் அங்கேயேதான் வேலை பார்க்கிறார்கள். முடியாது என்றால் வேறு ஆளைப் போடுவார்கள். அப்புறம் அந்த ஆளே நிரந்தரம். வைனை நாக்கில் வைப்பதும் என்னால் முடியாது, பதவியை விடுவதும் என்னால் முடியாது. இதுதான் என் நிலைமை.

சாராலாவது ருசி பார்க்க முடியுமா என்றால், அவருக்குச் சர்க்கரை வியாதி. சாக்லேட் பக்கம் திரும்பினாலே அவர் வீட்டம்மாவுக்கு எப்படியோ தகவல் போய்விடும். ஒரு கையில் கேக், ஒரு கையில் கிளாஸ் என்று இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுப் பார்க்க அவரால் ஆகாது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் கணவர் இம்தியாஸ். செவ்வாய்ப்பேட்டையில் பாத்திரக்கடை.

“இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? முடியாதுன்னு சொல்லிடு.”

“சொன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க.”

“போட்டா போடட்டும்.”

“உங்களுக்கு என்ன? உங்க கடையிலேர்ந்து உங்களை யாரு எடுக்கப் போறா?” என்று கத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு கோபம்.

மறுநாள் பாட்டில் ஸ்டோருக்குப் போனேன். அங்கே இளவழகன் இருந்தான். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள், எங்கள் ஹோட்டல் பாருக்குப் பொறுப்பாளர். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறையத் திருநீறு. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். மாலையோடு பாரில் நின்று ஊற்றிக் கொடுப்பது சரியில்லை என்று பகலில் ஸ்டோர் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“ஏனுங்க்கா, இதைய ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருக்கப்படாதுங்களா? நானே குடிச்சுப் பாத்துச் சொல்லியிருப்பனே. இப்ப மாலைங்க்கா. பாட்டில் வேலை பாக்கறதுக்கே குருசாமிகிட்ட போன்ல கேட்டுப்போட்டுத்தான் வந்தேன். தொடலாம், தொறக்கலாம், வாயில மட்டும் வெக்கப்படாதுன்னுட்டாரு.”

“முன்னாடி எப்பவாவது வைன் குடிச்சிருக்கியா?”

“ஒருக்கா குடிச்சனுங்க. ஆனா பிராந்திக்கு மேல குடிச்சனுங்களா, ருசி ஒண்ணும் வெளங்கலீங்க.” கொஞ்சம் வெட்கப்பட்டான். “இந்த ஊர்ல யாருங்க்கா வைன் கேக்கறாங்க? போர்வெல் போடற ரிக் வண்டி ஓனருங்க வந்தா பிராந்தி, பசங்க வந்தா பீரு. இந்தப் பாட்டில் எல்லாம் நான் வேலைக்குச் சேந்தப்பவே இங்கதான் இருந்துச்சுங்க.”

எனக்கு ஒரு யோசனை வந்தது. “மோந்து பார்க்கலாமா?”

“அதைக் குருசாமிகிட்டக் கேக்கலீங்களே.”

“கேட்க வேண்டாம்” என்றேன். மூக்குக்குத் தடை இல்லை என்று இரண்டு பேருக்கும் சேர்த்து நானே முடிவு கட்டிவிட்டேன்.

எனக்கு என் மூக்கின் மேல் பெரிய நம்பிக்கை உண்டு. நோன்பு மாசம் முழுக்க நான் கேக் செய்கிறேன், அல்வா செய்கிறேன், பாயசம் காய்ச்சுகிறேன். ஒரு துளி வாயில் வைப்பதில்லை. எங்கள் வீட்டிலும் நோன்புக் கஞ்சிக்கு உப்புப் போதுமா என்பதை ஆவியை மோந்துதான் சொல்வோம். இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட என் மூக்கு என்னை ஏமாற்றியதில்லை. சர்க்கரை ஒரு கரண்டி குறைந்தால்கூடக் கண்டுபிடித்துவிடும். அந்தத் திமிரில் இறங்கினேன்.

இனிப்புகளை முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். வெட்டினால் நடுவிலிருந்து குழம்பு வழிகிற சூடான கேக், அதில் கொல்லிமலை மிளகு ஒரு சிட்டிகை. ஏற்காட்டுக் காபி டிகாஷன் சேர்த்த சாக்லேட் டார்ட், மொறுமொறு மாவுத் தட்டில் ஊற்றி வைத்தது. மூன்றாவது, முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, கறுப்புச் சாக்லேட்டோடு சேர்த்துக் குளிர வைத்த மூஸ். மூன்றையும் தட்டில் வைத்துக்கொண்டு ஸ்டோரில் இளவழகனோடு உட்கார்ந்தேன். அவன் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து கிளாசில் கொஞ்சம் ஊற்றினான். நான் ஒரு முறை இனிப்பை மோந்தேன், ஒரு முறை கிளாசை மோந்தேன். அவனும் மோந்தான். யாராவது கதவைத் திறந்து பார்த்திருந்தால், மாலை போட்ட ஒருத்தனும் ஸ்கார்ஃப் கட்டிய ஒருத்தியும் சாராயக் கிளாசுக்குள் மூக்கை விட்டுக்கொண்டிருக்கிற காட்சிக்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பார்களோ!

நாசிக் பக்கத்துச் சிவப்பு வைன் ஒன்றில் பழுத்த நாவல்பழ வாசம் அடித்தது. மிளகு கேக்குக்கு அது. இன்னொன்றில் லேசாகப் புகை வாசம். காபி டார்ட்டுக்கு அது. மூன்றாவதில் வெனிலாவும் ஜாமும் சேர்ந்த மணம், மோந்தாலே நாக்கில் இனித்தது. மூஸுக்கு அது. கடைசியாக, மூலையில் தூசி படிந்து கிடந்த போர்ட் வைனை இளவழகன் எடுத்தான். மோந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குழந்தைகளுக்குக் கொடுக்கிற இருமல் மருந்து. “இதைத் தூக்கி ஓரமா வை” என்றேன். வைத்துவிட்டான்.

ஒரு சாட்சிக்காவது யாரையாவது குடிக்க வைப்போம் என்று தந்தூர் அடுப்புக்காரரைக் கூப்பிட்டோம். எங்கள் சமையலறையில் அந்த மாசம் மாலை போடாத ஆண்கள் சில பேர்தான். மூன்று இனிப்பையும் சாப்பிட்டு, மூன்று கிளாசையும் காலி செய்தார்.

“சாக்லேட்டு அருமை. இது மட்டும் கசாயம். குடிச்சதுக்கு ஏறக்கூட மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு ரொட்டி சுடப் போனார்.

“அவருக்குப் பிராந்தியத் தவிர எல்லாமே கசாயந்தானுங்க்கா” என்றான் இளவழகன். நானும் தலையாட்டினேன். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவர் பேச்சை நாங்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

செஃப் கேட்டபோது, “மூணும் எடுத்தாச்சு சார்” என்றேன். எப்படி எடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. 

விருந்துக்கு முன்பு ஒரு முறை ருசி பார்த்துவிட்டுப் போக அமுதவல்லி அம்மா வந்தார். ஐம்பது வயசிருக்கும். இளம்பிள்ளைத் தறியில் நெய்த பட்டுச் சேலை, கையில் ஒரு பெரிய கூடை. கூடை நிறைய முட்டை. டிரைவர் தூக்குகிறேன் என்று சொல்லியும் கொடுக்காமல் தானே தூக்கி வந்தார். விருந்து மண்டபத்தில் ஒரு மேசையில் உட்கார வைத்தோம். செஃப் ஒரு பக்கம் கை கட்டி நின்றார். இளவழகன் சுவர் ஓரமாகப் பாட்டில்களோடு நின்றான். நான் தட்டுகளை வைத்தேன்.

சூடான கேக்கைக் கரண்டியால் வெட்டினார். குழம்பு வழிந்தது. ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ற கோழி முட்டையில இப்படி ஒண்ணு வருமுங்களா! சாமி, நீங்களா செஞ்சீங்க?”

“ஆமாங்கம்மா” என்றேன். நாமக்கல் பக்கம் பாசமாகப் பேசினால் எல்லோரும் சாமிதான்.

“கையிக்குத் தங்க வளையல் போடோணும்” என்றார். செஃப் முகத்தில் அப்படி ஒரு பெருமை, ஏதோ அவரே பெற்ற பிள்ளை மாதிரி. எனக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

இளவழகன் கிளாசில் ஊற்றினான். அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுவரைக்கும் இதையெல்லாம் வாயில வெச்சதில்லீங்க” என்றார். குரல் இறங்கிவிட்டது. “எங்கூட்டுக்காரரு இருந்த வரைக்கும் ஊட்டுக்குள்ளயே வரவுட்டதில்லை. ஆனா வேவாரம்னு எறங்கிப்போட்டமே. வாரவிங்க குடிக்கறப்ப நான் மொகஞ் சுளிச்சுட்டு உக்காந்திருந்தா மருவாதையா இருக்காதுங்களே. அதுக்குத்தான் பழகிக்கலாம்னு வந்தேன்.”

ஒரு மடக்குக் குடித்தார். முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. கண் இரண்டும் இறுக மூடி, தோள் மேலே ஏறி, தண்ணீருக்குக் கை நீட்டினார்.

“ஏனுங்க செஃப், இது கெட்டுப் போச்சுங்களா? புளிக்குது, கசக்குது, நாக்கெல்லாம் வரவரன்னு இழுக்குது. அந்தக் கேக்கோட ருசியையே கெடுத்துப்போட்டுதுங்களே!”

அடுத்த கிளாஸ். அதே முகம். நான் இனிக்கும் என்று சத்தியம் செய்திருக்கக்கூடிய மூன்றாவது கிளாசுக்கு முகம் இன்னும் மோசமானது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோன்பில் என் மூக்கு தப்பாமல் சொல்கிறது என்றால், அந்தப் பாயசத்தை என் நாக்கு ஆயிரம் முறை ருசித்திருக்கிறது. நாக்கு முன்னமே படித்ததைத்தான் மூக்கு ஒப்பிக்கிறது. வைனைப் பற்றி என் நாக்குக்கு அரிச்சுவடியே தெரியாது. அப்புறம் மூக்கு எதை ஒப்பிக்கும்? அதன் பாட்டுக்கு ஜாம், வெனிலா என்று உளறியிருக்கிறது. இளவழகனைப் பார்த்தேன். அவன் உதட்டை அசைத்துச் சரணம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கண்ணுசாமி சார் என் பக்கம் திரும்பினார். காது இரண்டும் சிவந்திருந்தன.

“ஹஃப்சா, நீ ருசி பார்த்தியா, இல்லையா?”

ஒரு பொய் போதும். ‘பார்த்தேன் சார், பாட்டில் பழசு, திறந்ததும் கெட்டிருக்கும்’ என்று சொல்லிவிட்டால் பாட்டில் மேல் பழி போய்விடும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். புருஷன் வீட்டுக்குள்ளேயே விடாத ஒன்றை வியாபாரத்துக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த பெண். அவர் முன்னால் அந்தப் பொய் வரவில்லை.

“இல்ல சார். பார்க்கல. மோந்துதான் எடுத்தேன். இனிமேலும் பார்க்க மாட்டேன். துப்பினாலும் சரி, முழுங்கினாலும் சரி, என்னால முடியாது சார்.”

சொல்லிவிட்டேன். வேலை போனாலும் பரவாயில்லை என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. போய்விடுமே என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாரமாக அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்ததில் மூச்சு விட முடிந்தது.

செஃப் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் அமுதவல்லி அம்மா கேட்டார்.

“எதுக்குங்க சாமி முடியாது? விரதமுங்களா?”

“விரதம் இல்லீங்கம்மா. எங்க மார்க்கத்துலயே கூடாது. ஒரு சொட்டும்.”

அந்த அம்மா கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மெல்ல மேசையில் வைத்தார். “வெளிநாட்டுல இருக்கற உங்காளுங்களுக்கும் அப்படித்தானுங்களா?”

“எங்க இருந்தாலும் அப்படித்தாம்மா. குடிக்கிறவங்களும் இருப்பாங்க. அது அவங்க பாடு.”

“மஸ்கட்டுல?”

நான் அவரைப் பார்த்தேன். செஃப் என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, விருந்துக்கு வர்றவங்க எந்த ஊரு?” என்று கேட்டேன்.

“மஸ்கட்டுதானுங்க சாமி. பெரியவரு ஒருத்தரு, அவரு மகன் ஒருத்தரு. தங்கமான மனுசங்க. போன வாரங்கூடப் பேசிட்டே இருக்கறப்ப, தொழுகைக்கு நேரமாச்சுன்னு பெரியவரு போனை வெச்சாருங்க.”

கண்ணுசாமி சார் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். விருந்தாளி முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“அம்மா, வைன் வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?”

“நான் எங்கீங்க கேட்டேன்? வெளிநாட்டுக்காரங்க வாராங்கன்னு சொன்னேன். உங்க மேனேஜருதான், ‘வெளிநாட்டுக்காரங்களா, அப்ப வைன் வெச்சே ஆகோணுங்க, சாக்லேட்டோட குடுத்தா அசந்துருவாங்க’ன்னாரு. பெரிய ஓட்டலு, உங்களுக்குத் தெரியாததுங்களான்னு நானும் தலையாட்டிப்போட்டேன்.”

எந்த நாடு என்று ஹோட்டலில் ஒருத்தரும் கேட்கவில்லை. வெளிநாடு என்றால் எல்லோருக்கும் ஒரே நாடுதான். அங்கே எல்லோரும் கோட்டு போட்டுக்கொண்டு கையில் கிளாசோடு நிற்பார்கள். நான் மட்டும் என்ன ஒழுங்கு? முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவள் நான். வைன் என்றதும் என் கவலை எனக்கு, வருகிறவர் யார் என்று யோசிக்கவே இல்லை.

அந்த அம்மா அங்கேயே போனைப் போட்டார். மஸ்கட்டில் அவருக்காக வியாபாரம் பேசுகிற ஆள் நம் தமிழர்தான். ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் பதறிவிட்டார்.

“அம்மா, நல்லவேளை கேட்டீங்க. பெரியவர் குடிக்க மாட்டார்ங்கறது மட்டும் இல்லை, வைன் வச்சிருக்கிற மேசையில உட்காரவே மாட்டார். கிளாசைப் பார்த்ததுமே எந்திரிச்சுப் போயிருப்பார். அப்புறம் முட்டை ஏது, கப்பல் ஏது?”

போனை வைத்துவிட்டு அமுதவல்லி அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, இளம்பிள்ளைப் பட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

“நாலு நாளாத் தூக்கமில்லீங்க சாமி. இதையக் குடிக்கோணுமேன்னு அதே நெனப்பு. தப்பிச்சேன்! அந்தக் கேக்கை இன்னொருக்கா இப்படித் தள்ளுங்க.”

நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன் என்றும் சொல்லலாம். சுவர் ஓரமாக இளவழகன், “சாமியே சரணம்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டு மூன்று பாட்டிலுக்கும் மூடி போட்டான்.

“சரி, இப்ப இனிப்போட குடிக்க என்ன குடுக்கறது?” என்றார் செஃப். அவர் குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

“அதை என்கிட்ட விடுங்க சார். இந்தத் தடவை நாக்கால பார்க்கிறேன்.”

அந்த இரண்டு நாளை நான் மறக்க மாட்டேன். பயமே இல்லாமல், மறைக்க எதுவுமே இல்லாமல், ஒரு வாய் கேக், ஒரு வாய் ஜூஸ் என்று ருசி பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் மாதுளை ஜூஸ் பிழிந்தேன். தனியாகக் குடித்தால் தேன் மாதிரி இருந்தது. கேக் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் என் முகமும் அமுதவல்லி அம்மா முகம் மாதிரி ஆனது. அப்போதுதான் வைன் ஏன் காலை வாரியது என்று புரிந்தது. சாப்பிடுகிற இனிப்பை விடக் குடிக்கிறது ஒரு படி அதிகமாக இனிக்க வேண்டும். குறைந்தால், அது எவ்வளவு நல்ல சரக்காக இருந்தாலும் நாக்குக்குப் புளிப்புதான் தெரியும். கோவாவில் வேலை பார்க்கிற தன் நண்பனிடம் கேட்டு இளவழகனும் அதையே சொன்னான்.

“இன்னொண்ணுங்க்கா. சாக்லேட்டுக்குச் சரியான வைன் நாம ஓரமா வெச்ச அந்த இருமல் மருந்துதானாம். போர்ட்டுன்னா நல்லா இனிக்குமாம்.”

என் மூக்குக்கு அன்றோடு பெயில் மார்க். வேண்டாததை மூன்று எடுத்து, வேண்டியதைத் தள்ளியும் விட்டிருக்கிறது.

பன்னீர் திராட்சையை நாட்டுச் சர்க்கரையும் பட்டையும் போட்டுப் பாதியாக வற்றும் வரை காய்ச்சி வடிகட்டினேன். கறுப்பாக, கெட்டியாக, கிளாசில் ஊற்றினால் ஓரத்தில் வழுக்கி இறங்கியது. மிளகு கேக்குக்கு அது. காபி டார்ட்டுக்குப் பேரீச்சம்பழம் சேர்த்துக் கொதிக்க வைத்த பால், ஏலக்காய் போட்டு. மூஸுக்கு அதே மாதுளை, ஆனால் தேன் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி. ஒவ்வொன்றும் இனிப்போடு சேர்ந்ததும் இரண்டுக்கும் ருசி கூடியது. இளவழகனுக்குத் திராட்சையை ஊற்றிக் கொடுத்தேன்.

“இதுக்கு மாலையில தடை இல்லீங்களே” என்று கேட்டுக்கொண்டே மூன்று கிளாஸ் குடித்தான்.

விருந்து நல்லபடியாக நடந்தது. மஸ்கட்காரர்கள் வந்து, ஹோட்டலில் ஓர் அறையில் மக்ரிப், அந்தி நேரத் தொழுகை, தொழுதுவிட்டு உட்கார்ந்தார்கள். பெரியவர் அதிகம் பேசவில்லை. வைன் மாதிரியே கறுப்பாகத் திராட்சைக் கிளாஸ் வந்ததும் மட்டும், குடிக்காமல், பரிமாறியவரைப் பார்த்து ஏதோ கேட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். என் தலையில் இருந்த ஸ்கார்ஃபைப் பார்த்தார். “நீங்கள் செய்ததா?” என்று அவர் மகன் ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். பெரியவர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தார். இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கினார். அவருக்கு எதிரே அமுதவல்லி அம்மாவும் அதே கிளாசைத் தூக்கி, ஒரு சுளிப்பும் இல்லாமல், சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். முட்டைக்கு ஆர்டர் அங்கேயே பேசி முடிந்தது.

மறுநாள் காலையில் கண்ணுசாமி சார் டீ டம்ளரோடு என் அடுப்படிக்கு வந்தார். கொஞ்ச நேரம் ஓவனைப் பார்த்தார்.

“மொத நாளே முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா வேற ஆளப் போட்டிருப்பீங்களா இல்லையா சார்?”

அவர் யோசித்தார். அந்த நேர்மை அவரிடம் உண்டு. “போட்டிருப்பேன்.”

“அந்த ஆளு நல்லா குடிச்சுப் பார்த்து, சரியான வைனா எடுத்திருப்பான். அம்மாவும் முகம் சுளிச்சிருக்க மாட்டாங்க. யாரும் யாரையும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க. நேத்து அந்தப் பெரியவர் மேசையில மூணு கிளாசும் வரிசையா நின்னிருக்கும்.”

அவர் டீயை ஒரு மடக்கில் குடித்துவிட்டு, “பிரிவு உனக்குத்தான். மேலே சொல்லிட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவ்வளவுதான். மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கதவு வரைக்கும் போனவர் நின்றார். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறப் போடுகிற நேரம் அது. வருஷா வருஷம் அந்தக் கதவுக்கு வெளியிலிருந்தே, “ரம்முல போடு” என்று கத்திவிட்டுப் போய்விடுவார். அன்றைக்குத் திரும்பி உள்ளே வந்தார்.

“ஹஃப்சா, இந்த வருஷம் பழத்தை எதுலம்மா ஊறப் போடலாம்?”

“ஆரஞ்சு ஜூஸ்ல சார்.”

“சரிம்மா” என்றார்.